நம்பர் பிளேட் மட்டும் என்னுடையது

காத்திவாக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் மேலிருந்து அடித்ததைவிட மணலிலிருந்து அதிகமாக அடித்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக வந்திருந்தோம். என் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வலை காயப்போட்டிருந்த வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சைடு ஸ்டாண்டு மணலில் புதையாமல் இருக்க அடியில் ஓர் ஓட்டுத்துண்டைக் கொடுத்திருந்தேன்.

பெண் பார்க்க வந்தவன் நான். ஆனால் பெண்ணின் அப்பா சூசை என்னைப் பார்க்கவே இல்லை. வண்டியைப் பார்த்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பின்பக்க மட்கார்டை விரல் முட்டியால் தட்டிச் சத்தம் கேட்டார். கரையில் ஏற்றிவைத்த போட்டை விலை பேச வருகிறவர்கள் அப்படித்தான் தட்டுவார்கள்.

பிறகு நிமிர்ந்து, "இதுல உன் பங்கு இன்னா தம்பி?" என்றார்.

எங்களை அழைத்து வந்த கல்யாணத் தரகர் தலை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டார். உள்ளே டம்ளர் கழுவும் சத்தம் நின்றது. அவர் மகள் ரீட்டா காது கொடுத்துக் கேட்கிறாள் என்று தெரிந்தது. எனக்கு அவள் கிடைப்பாளா மாட்டாளா என்பது நான் சொல்லப்போகும் பதிலில் இருந்தது.

ஒருவன் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் தன் பங்கு என்ன என்று ஏன் யோசிக்க வேண்டும்? அதைச் சொல்ல கொஞ்சம் பின்னால் போக வேண்டும். துறைமுகத்தில் டாலி கிளார்க்காக நான் பெட்டி எண்ணிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, கல்மண்டபத்து வாசகர் ஒருவர் போன் செய்தார். "நீல மட்காடு போட்டு ஒரு வண்டி வெச்சிருந்தியே, அத்த எழுதாம வேற இன்னாத்த எழுதற?" என்று கடிந்துகொண்டார். அவருக்கும் அதில் ஏதாவது பங்கு இருந்ததா என்று கேட்க பயமாக இருந்தது. எழுதிவிடுகிறேன்.

சலூன் வண்டி

எங்கள் ராயபுரம் பக்கத்தில் எந்தக் கதை சொன்னாலும் சுனாமிக்கு முன்னாலா, பின்னாலா என்று கேட்பார்கள். இது பின்னால். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் வந்து, எல்லாரும் தெருவில் நின்று கத்திப் பேச ஆரம்பித்திருந்த காலம்.

சின்ன என்ஜினை வைத்துப் பெரிய வண்டி மாதிரி ஜோடித்த மோட்டார் சைக்கிள்கள் அப்போது வந்தன. தாழ்ந்த சீட், உயர்ந்த ஹேண்டில் பார், கண்ணீர்த் துளி மாதிரி டேங்க். விளம்பரத்தில் நீளத் தலைமுடிக்காரர் ஒருவர் இரண்டு மலைகளுக்கு நடுவே காலியான சாலையில் போய்க்கொண்டே இருப்பார். அவருக்கு வேலை வெட்டி எதுவும் இருப்பதாகத் தெரியாது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. எங்கள் பக்கத்துச் சாலையில் காலியாக இருப்பது கன்டெய்னர் மட்டும்தான். அதுவும் லாரி மேல் உட்கார்ந்து, துறைமுக வாசலில் இருந்து திருவொற்றியூர் வரை வரிசையில் நிற்கும்.

கப்பல் ஏஜென்ட் ஒருவரின் மகன் அந்த வண்டியை வாங்கி, அழகாக இல்லை என்று பல சாமான்களை அறுத்தெறிந்து, கடைசியில் டோல்கேட் அருகே ஒரு லாரிக்கு அடியில் பாதி போய்த் திரும்பி வந்திருந்தார். அவருக்குச் சிராய்ப்புதான். வண்டிக்குத்தான் அடி. ஹேண்டில் பார் கோணி, கிராஷ் கார்டு போய், பின் மட்கார்டு பிளந்து, முதுகு சாயும் கம்பி காணாமல் போயிருந்தது. "மத்ததெல்லாம் பக்கா" என்றார். மற்றது என்று என்ன இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. டேங்கைத்தான் பார்த்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா வாசலில் நின்று, நான் அதில் காலை முன்னால் நீட்டிக் கையைத் தூக்கி உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்தாள். அப்பா காலமானதிலிருந்து வீட்டில் கருத்துச் சொல்லும் பொறுப்பு முழுவதும் அவளிடம்தான். "ஷேவிங் பண்ணிக்க ஒக்காந்த மாரி கீறியேடா" என்றாள். மாலைக்குள் தெரு முழுக்க அது சலூன் வண்டி என்று ஆகிவிட்டது.

எல்லா வண்டிக்கும் ஆகும்

சாமான் வாங்க முதலில் ஷோரூமுக்குப் போனேன். டை கட்டிய ஒருவர் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, துக்கச் செய்தி சொல்லும் குரலில், அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது என்றார். சாமான் வடக்கே இருந்து வர வேண்டுமாம். எப்போது வரும் என்று கேட்டதற்கு, புது மாடல் ஒன்று வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். அதுதான் பதில் என்று படியிறங்கும்போது புரிந்தது.

பிறகு புதுப்பேட்டை. மலை மாதிரி குவித்துவைத்த மட்கார்டுகளில் ஒன்றை உருவி என் வண்டி மேல் வைத்துப் பார்த்த கடைக்காரர், இடது பக்கம் இடித்தது, வலது பக்கம் தொங்கியது என்பதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. "மட்காடு சோக்கா கீது சார். வண்டிதான் சரியில்ல" என்றார். அந்த மட்கார்டுக்குப் பொருத்தமான வண்டி ஒன்று இருப்பதாகவும் சொன்னார்.

யானைக்கவுனியில் ஒரு சேட்டு கடையில் எல்லாம் புத்தம் புதிதாகப் பாக்கெட்டில் தொங்கின. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 'எல்லா வண்டிக்கும் ஆகும்' என்று அச்சடித்திருந்தது. அந்த வாசகத்தை நம்பியவர்கள் என்னைப் போல எத்தனை பேரோ. எல்லா வண்டிக்கும் ஆகும் என்று போட்டிருந்தால் எந்த வண்டிக்கும் ஆகாது என்று அர்த்தம். ஆசையாக ஒரு ஜோடிக் கண்ணாடி வாங்கி மாட்டினேன். இடது கண்ணாடியில் என் இடது தோள் தெரிந்தது, வலது கண்ணாடியில் வலது தோள். பின்னால் வரும் லாரியைத் தவிர எல்லாம் தெரிந்தது.

தேசிங்கு பட்டறை

கல்மண்டபம் மார்க்கெட்டுக்குப் பின்னால் தேசிங்கு அண்ணனின் பட்டறை இருந்தது. போட் என்ஜின் வேலை, லேத், வெல்டிங் எல்லாம் உண்டு. மோட்டார் சைக்கிள் என்றால் அவருக்கு ஓர் இளப்பம். என் வண்டியை வாசலில் பார்த்ததும், "ஒரே சிலிண்டரா?" என்று கேட்டார். ஒரே பிள்ளையா என்று கேட்பதைப் போல அதில் இரக்கம் இருந்தது.

ஆனாலும் மனம் இரங்கினார். உடைத்துப் போட்ட பழைய விசைப்படகு ஒன்றின் கைப்பிடிக் கம்பி பட்டறை மூலையில் கிடந்தது. எவர்சில்வர் பைப். அதை வளைத்து ஹேண்டில் பாரும் கிராஷ் கார்டும் செய்தார். கால் வைக்கக் கம்பியும் கடைந்து கொடுத்தார். கூடவே திருகினால் திருகின இடத்திலேயே நிற்கிற சாவித் துவாரத்தையும் கழற்றிச் சரி செய்தார்.

இந்த இடத்தில் துருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். விளம்பரத்துத் தலைமுடிக்காரர் மலைநாட்டில் ஓட்டினார். அங்கே குரோமியம் பளபளக்கும். ராயபுரத்துக் கடற்காற்றில் குரோமியம் ஒரு மழைக்காலம் தாங்காது. முதலில் புள்ளி விழும், பிறகு படை மாதிரி பரவும், பொங்கலுக்குள் உதிர்ந்துவிடும். எங்கள் தெருவில் ஸ்கூட்டர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கையில் எண்ணெய்த் துணியோடுதான் சாயங்காலம் பேச வருவார்கள். தேசிங்கு அண்ணனின் கம்பி அப்படி இல்லை. கடலிலேயே இருந்து பழகிய கம்பி. கடைசி நாள் வரை ஒரு புள்ளி விழவில்லை. கனம்தான் கொஞ்சம் அதிகம். வண்டி சாய்ந்தால் எனக்கு அடிபடாது, ரோட்டுக்குத்தான் அடிபடும்.

எவ்வளவு தரட்டும் என்று கேட்டேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "துட்டுலாம் வாணாம் சேவி. பங்கா இருக்கட்டும்" என்றார்.

பெரிய மனதுக்காரர் சொல்லும் மரியாதை வார்த்தை என்று எடுத்துக்கொண்டேன். பார்த்துக்கலாம், இருக்கட்டும், நம்ம பையன்தானே என்பார்களே, அந்த மாதிரி. "சரிண்ணே" என்று சிரித்தேன். ரயில்வே கூட்ஸ் ஷெட் குமாஸ்தாவின் மகன் நான். மீன் சாப்பிடுவதோடு எங்கள் குடும்பத்துக்குக் கடலோடு இருந்த சம்பந்தம் முடிந்துவிடும். அந்த ஒரு 'சரிண்ணே'யின் கனம் அந்தக் கம்பியின் கனத்தைவிட அதிகம் என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

துணை

மட்கார்டுக்காக தேசிங்கு அண்ணன் என்னைக் காசிமேட்டில் பாஸ்கரிடம் அனுப்பினார். பாஸ்கர் ஃபைபர் போட் செய்கிறவர். சுனாமிக்குப் பிறகு உலகத்தில் உள்ள தர்மவான்கள் எல்லாரும் எங்கள் கரைக்குப் போட் கொடுத்தார்கள். போட் இழந்தவனுக்கும் கொடுத்தார்கள், இழக்காதவனுக்கும் கொடுத்தார்கள், கடலைப் பார்த்தாலே தலைசுற்றுகிறவனுக்கும் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒரு போட் என்று ஆனதும், அதில் கூடப் போக ஆள் கிடைக்காமல் பாதி கரையிலேயே நின்றன. பாஸ்கர் ராப்பகலாகப் போட் செய்து, ஒரு நாள் திடீரென்று வேலையில்லாமல் சும்மா ஆகிவிட்டார். மிச்சமிருந்த ரெசினும் நீலச் சாயமும் காயும் முன்னால் என் வண்டி வந்து நின்றது.

கருப்பு வண்டிக்கு நீல மட்கார்டு. சுண்டு விரல் தடிமன். கடலில் போட்டாலும் மிதக்கும் என்று உத்தரவாதம் கொடுத்தார். மட்கார்டு மிதக்க வேண்டிய நிலைமை எனக்கு ஏன் வரப்போகிறது என்று அப்போது நினைத்தேன். அந்த ஐப்பசி மழையில் வெள்ளம் நின்ற வியாசர்பாடி சுரங்கப்பாதையில் இறங்கிய பிறகுதான் அவருடைய தொலைநோக்கு புரிந்தது.

போட் செய்தால் பெயர் எழுத வேண்டும் என்பது பாஸ்கரின் வழக்கம். மட்கார்டுக்கும் எழுதினார். அவருக்கு அங்காளம்மன் துணை என்று எழுத ஆசை. என் அம்மா மாதா துணை என்றுதான் இருக்க வேண்டும் என்று ஆள் அனுப்பினாள். தேசிங்கு அண்ணன் சாமி கும்பிடாதவர். ஆனால் அவருக்கும் எழுத ஒரு தலைவர் பெயர் இருந்தது. பேசிப் பேசி யாரும் இறங்கி வராததால் பாஸ்கர் 'துணை' என்று மட்டும் எழுதி, முன்னால் கொஞ்சம் இடம் விட்டுவைத்தார். கடைசி வரை அந்த இடம் அப்படியே இருந்தது.

முதுகு சாயும் கம்பிதான் பாக்கி. அதற்கு தேசிங்கு அண்ணனின் அக்கா நாகம்மா உதவினாள். மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடுகிறவள். அவள் குரல் கேட்டால் மீனே விலை ஏறும். ஏலத்தில் அவள் உட்காரும் இரும்பு நாற்காலியின் முதுகு ஆட்டம் கண்டிருந்தது. அதை அறுத்து எடுத்து என் சீட்டுக்குப் பின்னால் வைத்து வெல்டிங் செய்தார்கள். நாற்காலி முக்காலி மாதிரி ஆகிப் பட்டறையிலேயே தங்கிவிட்டது. நாகம்மாக்காவும் காசு வேண்டாம் என்றாள். பாஸ்கரும் அப்படியே சொல்லியிருந்தார். மூன்று பேரும் பங்கா இருக்கட்டும் என்றுதான் சொன்னார்கள். ராயபுரத்து மனிதர்களின் அன்பை நினைத்து அன்று எனக்குக் கண் கலங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை

திங்கட்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பி வாசலுக்கு வந்தால் வண்டி இல்லை.

தெருக்கோடி வரை ஓடினேன். திரும்பி வந்து அம்மாவிடம் வண்டி களவு போய்விட்டது என்றேன். அவள் இட்லித் தட்டைத் துடைத்துக்கொண்டே, தேசிங்கு வந்து எடுத்துக்கொண்டு போனார், இன்றைக்கு அவருடைய நாளாம் என்றாள். சாவி என் பையில் இருந்தது. சாவித் துவாரம் சரி செய்தவர் இன்னொரு சாவியும் செய்துவைத்திருந்தார்.

பட்டறைக்குப் போய், கொஞ்சம் காட்டமாகவே, என் வண்டியை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"உன் வண்டியா? சரி. என் பைப்ப கயட்டிக் குட்த்துட்டு உன் வண்டிய எட்த்துக்கினு போ" என்றார்.

ஹேண்டில் பார் இல்லாத வண்டியை எப்படி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டு நின்றபோது, டீ வாங்கிக் கொடுத்து விளக்கினார். கடலுக்குப் போய் வந்த மீனைப் பங்கு வைப்பார்கள். போட்டுக்கு ஒரு பங்கு, என்ஜினுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போய் வந்த ஆளுக்கு ஆள் பங்கு. வலைக்காரன் வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கினாலும் அவன் வலை கடலுக்குள் போய் நனைந்தால் அவனுக்குப் பங்கு உண்டு. பொருளை விற்றவனுக்குக் காசோடு முடிந்தது. பொருளைப் போட்டவனுக்கு அது ஓடும் வரை உரிமை. நான் காசு கொடுத்திருந்தால் வாங்கியவன். பங்கு என்று தலையாட்டியதால் பங்காளி. இதில் புரியாததற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

வாரத்தின் முன்பகுதி தேசிங்கு அண்ணனுக்கு, போட்டுகளுக்கு என்ஜின் சாமான் கொண்டுபோக. நடுப்பகுதி பாஸ்கருக்கு, ரெசின் டின் ஏற்ற. வெள்ளிக்கிழமை நாகம்மாக்காவுக்கு. சனிக்கிழமை வண்டி பட்டறையில் நின்று பழுது பார்த்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு. பெட்ரோல் மட்டும் யாரும் சொல்லாமலேயே என் பங்காக அமைந்தது.

வெள்ளிக்கிழமைதான் கொடுமை. அன்று கறி சாப்பிடாத கிறிஸ்தவ வீடுகளுக்கும் கன்னியாஸ்திரி மடத்துச் சமையல்கட்டுக்கும் நாகம்மாக்கா மீன் கொண்டுபோவாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. காலையில் வேலைக்குப் போகும் முன் நான் ஓட்டினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டு பக்கமும் கால் போட்டு, மடியில் மீன் கூடையோடு, தன் நாற்காலி முதுகில் ஏலக்காரி தோரணையாகச் சாய்ந்துகொள்வாள். ஐஸ் தண்ணீர் என் முதுகில் இறங்கும். விளம்பரத்து மனிதரின் தலைமுடிதான் காற்றில் பறந்தது. என் தலைமுடியில் நெத்திலி இருந்தது.

ஆனால் அவர்கள் நியாயஸ்தர்கள். வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்கு மீன் வந்துவிடும். என்ஜின் பங்கு தனி, ஆள் பங்கு தனி என்று பிரித்துக் கட்டி வரும். முதல் வாரம் வஞ்சிரம் வந்தது. அம்மா அதைக் கழுவிக்கொண்டே, வண்டியில் இன்னும் ஏதாவது சாமான் குறைகிறதா என்று கேட்டாள்.

ஒரு பெட்டி

ரீட்டா இறால் ஏற்றுமதிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவள். குளிர் கன்டெய்னருக்குள் பெட்டி ஏற்றும்போது கம்பெனி சார்பில் அவளும் துறைமுகம் சார்பில் நானும் எண்ணுவோம். ஒரு தடவை எனக்கு ஒரு பெட்டி குறைந்தது. அவளுக்குச் சரியாக வந்தது. "மறுக்கா எண்ணுங்க சார்" என்றாள். மறுபடி எண்ணினேன், அவள்தான் சரி. கையெழுத்துப் போடும்போது என் சட்டையை ஒரு முறை முகர்ந்து பார்த்து, "வெள்ளிக்கெயம மட்டும் இன்னா சார் நெத்திலி வாசன?" என்றாள். அன்றிலிருந்து எனக்கு வேறு பெண் கண்ணில் படவில்லை.

தரகரை நான்தான் அனுப்பினேன். அவர் தன் தொழில் தர்மப்படி, பையனுக்குத் துறைமுகத்தில் வேலை, சொந்தமாகப் பெரிய மோட்டார் சைக்கிள் என்று சொல்லிவிட்டார். சொந்தமாக என்ற வார்த்தையைத்தான் சூசை பிடித்துக்கொண்டார். வண்டியை எடுத்து வரச் சொல்லுங்கள், பார்ப்போம் என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக நான் பங்காளிகளிடம் போய்ச் சொன்னேன். ஞாயிறு என்னுடைய நாள்தான். ஆனால் நாகம்மாக்காவின் கூடை மாட்டும் கொக்கியைக் கழற்றி வைக்க அனுமதி வேண்டியிருந்தது. அவர்கள் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார்கள். கூடவே, தாங்களும் வருவதாகச் சொன்னார்கள். வேறு குப்பத்துக் கரைக்கு முதல் தடவையாகப் போட் போனால் பங்காளிகள் எல்லாரும் போவதுதான் முறையாம்.

வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஹேண்டில் பார் யாருடையது?

எண்ணூர் சாலையில் முன்னால் நான் சலூன் வண்டியில் போனேன். பின்னால் பழைய ஸ்கூட்டர் என்ஜின் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில், நல்ல துணி உடுத்தி, நாகம்மாக்கா தலையில் பூவோடு, ஒரு தாம்பாளம் வாழைப்பழத்தோடு என் மூன்று பங்காளிகளும் வந்தார்கள். அம்மாவும் தரகரும் வந்த ஆட்டோ அதற்கும் பின்னால். கன்டெய்னர் லாரி டிரைவர்கள் வரிசையாக எட்டிப் பார்த்தார்கள். வலது கண்ணாடியில் எனக்கு என் தோள் மட்டும்தான் தெரிந்தது. அன்றைக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று.

எங்கே உட்காருவது

இப்போது வாசலுக்குத் திரும்பலாம். சூசையின் கேள்வி காற்றில் நிற்கிறது.

முழு வண்டியும் என்னுடையதுதான் என்று ஒரு வழியாக ஆரம்பித்தேன். அவர் ஹேண்டில் பாரைத் தொட்டார். பின்னால் இருந்து தேசிங்கு அண்ணன், "அது நம்பள்து" என்றார். மட்கார்டைத் தொட்டார். பாஸ்கர் கையைத் தூக்கினார். நாற்காலி முதுகைத் தொடும் முன்பே நாகம்மாக்கா, அது தன்னுடையது என்று ஏலக் குரலில் அறிவித்தாள். என்ஜின் என்னுடையது என்றேன். தேசிங்கு அண்ணன் லேசாக இருமி, போன மாதம் உள்ளே போட்ட பிஸ்டன் ரிங் யாருடையது என்பதை ஞாபகப்படுத்தினார்.

"அப்ப உன்னுது இன்னாதான்பா?" என்றார் சூசை.

"நம்பர் பிளேட்" என்றேன். அதுதான் உண்மை.

சூசை சிரிக்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். தவணையில் வாங்கித் தனியாக வைத்திருக்கிறவனைவிட, தொழில்காரர்கள் மூன்று பேர் நம்பிப் பொருள் போட்டு, கூடவும் வந்து நிற்கிற ஆள் மோசமில்லை என்று, என்னிடம் அல்ல, தேசிங்கு அண்ணனிடம் சொன்னார். அவர்கள் இருவரும் ஒரே பாஷை பேசுகிறவர்கள். தரகர் செருப்பிலிருந்து கண்ணை எடுத்தார். அம்மா மூச்சு விட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்போது ரீட்டா வெளியே வந்தாள். காபித் தட்டோடு அல்ல, வெறுங்கையோடு. இறால் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் அதே கண்ணோடு வண்டியின் இடது பக்கம் வந்து, பின் சக்கரத்தின் அருகே நின்றாள்.

"எல்லார் பொருளும் கீது. நா எங்க ஒக்கார்றது?"

பின் சீட்டைக் காட்டினேன். அவள் சக்கரத்தைக் காட்டினாள். கம்பிகள் திறந்து கிடந்தன. பெண்கள் ஒருக்களித்து உட்கார்ந்தால் புடவை சக்கரத்தில் போகாமல் தடுக்கும் சாரி கார்டு அங்கே இல்லை. கப்பல் ஏஜென்ட் மகன் அழகு கெடுகிறது என்று முதலில் அறுத்தெறிந்தது அதைத்தான்.

"எங்க சித்தி பொடவ இப்டித்தான் சுத்திக்கினு வுயுந்தாங்க. இன்னும் கம்பு ஊனிக்கினுதான் நடக்கறாங்க. நீங்க போட்டுக் கம்பி, நாற்காலி எல்லாம் தேடிப் புட்ச்சி மாட்டிக்கீறீங்க. இது ஒருத்தருக்கும் தோணல, இல்ல?"

நாகம்மாக்கா இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருகிறவள், அவளுக்கு அது தேவைப்பட்டதில்லை. மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். ரீட்டா என் பின்னால் உட்கார்ந்து வருவதாக நான் எத்தனையோ முறை கனவு கண்டிருக்கிறேன். கனவில் அவள் புடவை காற்றில் அழகாகப் பறந்தது. அது எங்கே போய்ச் சிக்கும் என்று கனவில்கூட எனக்குத் தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது. அவளுக்கு நான் ஏற்றவன் இல்லையோ என்று முதல் முறையாகப் பயந்தேன்.

யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். வாழைப்பழத் தாம்பாளத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை

அந்த வாரம் மோசமான வாரம். தரகர் என் போனை எடுக்கவில்லை. யானைக்கவுனிக்குப் போய்ச் சாரி கார்டு கேட்டேன். எல்லா வண்டிக்கும் ஆகும் என்று ஒன்றைக் கொடுத்தார்கள். நாற்காலி முதுகு இடித்து, நீல மட்கார்டில் முட்டி, அது நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஓட்டும்போது நாகம்மாக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மதியம் வந்த மீனை அம்மா குழம்பு வைத்தாள். நான் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மதியம், வேலை முடிந்து பட்டறைக்குப் போனேன். எனக்குச் சேர வேண்டிய நம்பர் பிளேட்டையாவது கழற்றிக்கொண்டு வந்துவிடலாம் என்ற மனநிலை.

வண்டி சுவரோரம் நின்றது. பின் சக்கரத்தின் இடது பக்கம் வளைத்து வெல்டிங் செய்த புதுக் கம்பிச் சட்டம். அந்தச் சட்டத்தின் குறுக்கே பச்சை நைலான் நூலில் வலை. கண் ஒவ்வொன்றும் ஒரே அளவு. முடிச்சு ஒவ்வொன்றும் கல் மாதிரி. விரலைக் கொடுத்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

தேசிங்கு அண்ணன் லேத்திலிருந்து தலையைத் தூக்காமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். யார் போட்டது என்று கேட்டேன்.

"பங்காளி" என்றார்.

எந்தப் பங்காளி என்று கேட்டதற்குத் தாடையால் பின்பக்கம் காட்டினார்.

முதுகு அறுத்த அந்த இரும்பு நாற்காலியில் ரீட்டா உட்கார்ந்திருந்தாள். கையில் அவள் அப்பாவின் வலை ஊசி. மடியில் பச்சை நூல் துணுக்குகள். தரகரும் இல்லை, தாம்பாளமும் இல்லை. என்னைக் கேட்காமலேயே வந்து, கேட்க வேண்டியவர்களைக் கேட்டு, தன் பொருளைப் போட்டுவிட்டிருந்தாள். நூல் நுனியைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்தாள். நான் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன். நல்ல வேளை, அது கனமான கம்பி.

"நாளே வாணாமா உனக்கு?" என்று தேசிங்கு அண்ணன் அவளிடம் கேட்டார். பங்கு போட்டவருக்கு வாரத்தில் ஒரு நாள் வேண்டும், அதுதான் முறை. மீதியிருந்த ஒரே நாள் என்னுடையது.

ரீட்டா என்னைப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெயம என்னுது" என்றாள். "நீ ஓட்டு."

மறுநாள் ஓட்டினேன்.